விடிந்துவிட்டதாக நம்பிய விளக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேர்த்தி இல்லை, அதன் கதை பின்னால் வருகிறது. நீ எப்படி இருக்கிறாய், அந்த ஆஸ்பத்திரியில் உனக்கு ராத்திரி டியூட்டியை மாற்றிக் கொடுத்தார்களா, கடைவாய்ப் பல் வலி தேவலையா? மூலை வீட்டுப் பல் டாக்டரிடம் உன் பல்லைப் பற்றிக் கேட்டேன், வாயைப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் வைத்தியம் சொன்னார், அதைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தாலே போதும், நம் சுண்டெலி, உன் தங்கைதான், எந்த அறையில் இருந்தாலும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து நிற்கிறாள். நான் சொல்லப்போவது முழுக்க அவளைப் பற்றி. அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீசிலேயே, பழுதான பல்புகளை ஒதுக்கி மேஜையில் கொஞ்சம் இடம் பண்ணி எழுதுகிறேன். என்னோடு கம்பத்துக்கு ஏணி தூக்கி வருகிற ஏணிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சார் ஏதோ ராஜினாமா எழுதுகிறார் என்று இந்நேரம் கிடங்கு வரைக்கும் செய்தி போயிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கைக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது, இந்த மாதக் கடைசிக்குள் கல்லூரியில் எந்தப் பாடம் என்று சொல்லியாக வேண்டும். நானோ நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவுக்குப் போர்மேன், இந்த ஊரில் பொழுது சாய்ந்தபின் யாராவது பள்ளத்தில் விழாமல் வீடு சேர்ந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே சின்னவள் மின்சாரப் பொறியியல் படிப்பாள், என் பிரிவுக்கே பெரிய என்ஜினீயராக வருவாள், நான் ஓய்வு பெறுகிற அன்று அவளே எனக்கு மாலை போடுவாள் என்று எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தேன். அவளிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பைக் கொடுங்கள் என்கிற குரலில், "அப்பா, நான் வானியல் படிக்கப் போறேன்" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. அதில் என்னம்மா வேலை என்று கேட்டேன். நட்சத்திரங்களை ஆராய்வது என்றாள். "அத மாடியில நின்னு சும்மாவே பாக்கலாமே, அதுக்கு எதுக்குக் காலேஜு?" என்று நான் கேட்டது நியாயமான கேள்விதானே? அதற்கு உன் தங்கை தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "எங்க பாக்க முடியுது, நீங்க போட்டிருக்கிற வெளக்கு விட்டாத்தானே" என்றாள். உன் அம்மா சிரித்தாள். இருமினேன் என்று பிற்பாடு சாதித்தாள், எனக்குச் சிரிப்புக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியாதா?

அதோடு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று இருந்தேன். அந்த வாரத்திலேயே ஆபீசில் எனக்கு ஒரு தலைவலி ஆரம்பித்தது. நம் வீட்டு வாசலில் நிற்கிற கம்பம் இருக்கிறதே, என் பிரிவிலேயே நல்ல விளக்கு, அது சாயங்காலம் ஒழுங்காக எரிய ஆரம்பித்து, நான் ராத்திரி ரவுண்டு போயிருக்கிற எட்டு மணி வாக்கில் தானாக அணைந்துவிடுகிறது என்று பல் டாக்டர் புகார் கொடுத்தார். போர்மேன் வீட்டு வாசலே இருட்டாக இருந்தால் ஊர் என்ன பேசும்! பல்பை மாற்றினோம். மறுபடி அணைந்தது. ஒயரை மாற்றினோம். மறுபடி அணைந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போதெல்லாம் விளக்கை யாரும் போய்ப் போடுவதில்லை, அதன் தலையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சென்சார் வைத்திருக்கிறோம். இருட்டினால் அது விளக்கை எரியவிடும், வெளிச்சம் பட்டால் பொழுது விடிந்துவிட்டது என்று அணைத்துவிடும். அந்தச் சென்சாரையும் மாற்றினோம், ஒரு தடவை இல்லை, கிடங்குக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிற வரைக்கும் மாற்றினோம். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஆபீஸ் வண்டியில் ஆட்களோடு போய் இறங்கினால் விளக்கு பளிச்சென்று எரியும். எல்லாம் சரி என்று வண்டி தெருமுனை திரும்பினதும் அணைந்துவிடும். "சார், அதுக்கு உங்க மேல ஒரு பயம் கலந்த மரியாதை" என்று ஏணிக்காரர் சொன்னார். அவர் மேல் எனக்கு ஏற்கெனவே எரிச்சல், ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த பெரிய டார்ச் லைட்டைக் காணோம், அவர்தான் எங்கேயோ போட்டுவிட்டார் என்று பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தேன். பாவம் மனிதர்.

ஒருநாள் சாயங்காலம் பல் டாக்டர் என்னைத் தன் மாடிக்கே வரச்சொல்லிவிட்டார், கண்ணால் பார்த்தால்தான் இவருக்குப் புரியும் என்று. வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனேன், வண்டிச் சத்தம் இல்லாததால்தான் நான் வந்தது உன் தங்கைக்குத் தெரியாமல் போயிற்று. ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கீழே அவர் காவலாளி உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார், புகை தெருவுக்குக் குறுக்கே மெதுவாக எழுந்தது. அந்தப் புகைக்குள் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது பார், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக! அதன் ஒரு முனை என் விளக்கின் தலையில். மறுமுனை எங்கே என்று பார்த்துக்கொண்டே போனால், நம் வீட்டு மொட்டைமாடி. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினேன். தெரு இருட்டு. என் தெரு, என் விளக்கு, நான் போர்மேன், பல் டாக்டர் வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டி மேல் மோதிக் குப்புற விழுந்தேன். முழங்கால் கதை இதுதான். சிரித்து முடித்தாயா? மேலே படி.

மாடிக்கு நொண்டிக்கொண்டே ஏறிப் போனால், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் என் ஆபீஸ் டார்ச் லைட்டைத் தலைமுடி ரிப்பனால் இறுக்கிக் கட்டி, குறி தப்பாமல் சென்சாரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, உன் தங்கை பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கே விளக்குப் போடுகிறவன் வீட்டில், விளக்கை அணைக்க விளக்கு! சென்சார் எப்படி வேலை செய்யும் என்று சாப்பாட்டு மேஜையில் தட்டையும் டம்ளரையும் வைத்து அவளுக்கு விளக்கியதே நான்தான் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஏன்டி அணைத்தாய் என்று கத்தினேன். எழுந்து உட்கார்ந்து, பயம் கொஞ்சமும் இல்லாமல், "நான் எங்கப்பா அணைச்சேன், விடிஞ்சிருச்சுன்னு அதுவா நெனச்சுக்கிச்சு" என்றாள். அதற்குள் உன் அம்மா மேலே வந்துவிட்டாள். நீயே கேள் இவளை என்று நான் சொன்னால், அவள் என்னைத் தாண்டிப் போய் டார்ச் லைட்டைத் தட்டிப் பார்த்து, "பேட்டரி எறங்கிருச்சா, நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்கிறாள். தான் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலிருந்து முதல் நாளிலிருந்தே பேட்டரி வாங்கிக் கொடுத்தது இந்த அம்மாள்தான். வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு கட்சி நடந்துகொண்டிருந்திருக்கிறது, அதற்குப் பொருளாளர் வேறு.

அன்று நான் நிஜமாகவே கோபப்பட்டேன் கண்ணு. விளையாட்டு இல்லை, அந்த இருட்டில் வயசானவர் ஒருவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், டியூஷன் முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. உடனே போய் டார்ச் லைட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், "இதை நான் யோசிக்கல அப்பா" என்றாள். மறுநாள் அவளாகவே பல் டாக்டர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளாம், ஏணிக்காரரிடமும் கேட்டாளாம். ஏணிக்காரர் என்னிடம் வந்து, பாப்பாவே கேட்டுவிட்டது, சார் எப்போது கேட்பீர்கள் என்கிற முகத்தோடு நின்றார். கேட்டேன், வேறு வழி? ஆனாலும் வானியல் கூடவே கூடாது என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் மனுஷனுக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அப்படி என்னத்தைத்தான் அங்கே படுத்துக்கொண்டு பார்த்தாள் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, ஆனால் தீர்ப்புச் சொன்னவன் போய்க் கேட்கலாமா? உன் அம்மாவைத் தூது விட்டேன். ஏதோ ஒரு நட்சத்திரம், வழக்கமாக நன்றாக எரிவது, சில நாட்களுக்கு ஒருமுறை மங்கிவிட்டுப் பழையபடி பிரகாசமாகிறதாம், அதைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எப்போது மங்குகிறது என்று பார்க்கிறாளாம். உன் அம்மா சொல்லி முடிப்பதற்குள், "வோல்டேஜ் ப்ராப்ளமா இருக்கும்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சத்தம். பிறகு கதவு திறந்து அவளே வந்து உட்கார்ந்து, அது ஒரு நட்சத்திரம் இல்லை, இரண்டு, ஒன்றையொன்று சுற்றுகிறது, மங்கலானது பிரகாசமானதுக்கு முன்னால் வந்து மறைக்கும்போது நமக்குக் குறைந்து தெரிகிறது என்று சொன்னாள். நான் தினமும் தெருவில் போகும்போது செய்வதும் இதைத்தானே, ஒரு விளக்கு சோர்ந்துவிட்டதா என்று அடுத்த கம்பத்து விளக்கைப் பார்த்துத்தானே சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று உன் அம்மா சுட்டிக்காட்டினாள், அது வேறு விஷயம்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். என் விளக்கு மேல்பக்கமாகச் சிந்துகிற வெளிச்சத்தால் யாருக்கு என்ன லாபம், வௌவாலுக்கா? பட்டறையில் சொல்லி வளைந்த தகட்டில் ஒரு மூடி செய்து, சென்சாரை மறைக்காமல் விளக்கின் தலையில் மாட்டச் சொன்னேன். இப்போது வெளிச்சம் முழுக்கத் தரைக்கு வருகிறது, தெருவும் பளிச்சென்று இருக்கிறது, மாடியும் இருட்டாக இருக்கிறது. பல் டாக்டருக்குப் படுக்கையறையில் வெளிச்சம் விழாமல் நல்ல தூக்கமாம், நன்றி சொல்ல வந்தார். எங்கள் என்ஜினீயர் அம்மா பார்த்துவிட்டு, நல்ல யோசனை, மற்ற தெருக்களுக்கும் போடலாம், யாருடைய யோசனை என்று கேட்டார். பிரிவில் எல்லோரும் சேர்ந்து யோசித்தோம் என்று சொன்னேன். ஏணிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு செய்தவர் படிப்புக்கு மட்டும் ஏன் சம்மதிக்கவில்லை என்று நீ கேட்பாய், உன் அம்மாவும் கேட்டாள். வேலை கிடைக்குமா என்கிற கவலை ஒன்று, அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாத கவலை இன்னொன்று. இந்தப் படிப்பில் பாதி நாள் தொலைநோக்கி வைத்திருக்கிற மலையில் தங்க வேண்டுமாம். ராத்திரியில் வேலை. அங்கே பாதையில் விளக்கு எல்லாம் எப்படி என்று தொழில் முறையில் விசாரித்தேன். "ஒண்ணுகூட கெடையாதுப்பா, இருட்டா இருக்குன்னுதானே அங்க கட்டியிருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். யார் வீட்டுப் பெண்ணோ பத்திரமாக வீடு வந்து சேரட்டும் என்றுதானே இத்தனை வருஷம் கம்பம் கம்பமாக ஏறினேன், என் வீட்டுப் பெண் தேடிப்பிடித்து இருட்டுக்குப் போகிறேன் என்கிறாளே. இதை யாரிடம் சொல்ல? முடியாது என்றால் முடியாது என்று முறைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாதான், "மருந்தக் குடிக்காமலே கசக்குதுன்னு அழற பிள்ளைங்க மாதிரி இருக்கு நீங்க பண்றது, போய்ப் பாத்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சேர நினைக்கிற பிள்ளைகளையும் பெற்றோரையும் அங்கே ஒருநாள் கூப்பிட்டிருந்தார்கள். போனேன், வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பொழுது போய்விட்டது. மேலே கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். நான் என் டார்ச் லைட்டை எடுத்தேன், அங்கே இருந்த ஒரு அம்மா, அங்கே ஆராய்ச்சி செய்கிறவராம், சிரித்துக்கொண்டே கையால் மூடி, வேண்டாம் சார் என்றார். வெளிச்சம் இல்லாமல் நடந்து எனக்குப் பழக்கமே இல்லை. முழங்கால் வேறு. இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டேன், முன்னாலும் ஒன்றும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. அப்போது சுண்டெலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் ரோட்டைத் தாண்டும்போது நான் பிடிப்பேனே, மணிக்கட்டுக்கு மேலே கெட்டியாக, அதே மாதிரி. "அவசரப்படாதீங்க அப்பா. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகிடும்" என்றாள். நின்றோம். அவள் சொன்னது சரி. முதலில் பாதையின் ஓரத்துக் கல் தெரிந்தது, பிறகு என் செருப்பு தெரிந்தது, பிறகு பாதை போய்த் திரும்புகிற இடம் தெரிந்தது. தலையைத் தூக்கினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவு நட்சத்திரமும் தினமும் நம் வீட்டுக்கு மேலேயும் இருந்திருக்கிறது, நான்தான் இத்தனை வருஷமாக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தன் மங்கல் நட்சத்திரம் எது என்று காட்டினாள். நான் பார்த்ததைவிட, காட்டுகிற அவளைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த இருட்டில் அவள் ஒரு கல்லில்கூட இடறவில்லை. என்னைத்தான் மேலே வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆகவே பெரியவளே, முடிவு செய்துவிட்டேன், படிக்கட்டும். ஆனால் இது இன்னும் அவளுக்குத் தெரியாது, நீ சொல்லிவிடாதே. என் சம்மதத்துக்காக இப்போது கேட்காமலே டீ வருகிறது, என் சட்டைகள் இஸ்திரியாகித் தொங்குகின்றன, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். இந்தச் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது அனுபவித்துவிட்டுத்தான் சொல்வேன். முறைப்பாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது, நேற்று கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது, கடைசித் துண்டு கேக்கை எனக்கு வைத்தாள்.

நீ இதைப் படித்ததும் தங்கைக்குப் போன் போட்டு, மலையில் போட்டுக்கொள்ளக் கெட்டியான பூட்ஸும் கம்பளிச் சட்டையும் எந்த அளவு என்று நாசூக்காகக் கேட்டு வைத்துக்கொள், உன் ஊரில்தான் நல்லதாகக் கிடைக்கும். பல் வலிக்கு அந்தத் தாளில் உள்ளபடி செய், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்காமல் படுக்காதே. போனைத் தலைமாட்டில் வைத்து சார்ஜ் போடாதே, இது மின்சாரக்காரன் சொல்வது. ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது வெளிச்சமான தெரு வழியாகவே வா, சுற்று வழியானாலும் பரவாயில்லை. சின்னவளும் கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும்தான். கண்ணு பழகிடும் என்கிறாள் அவள், சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீ போய் மூன்று வருஷமாகிறது, சாயங்காலம் விளக்கு எரிந்ததும் நீ திரும்புகிற முனையை இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். இந்த வருஷ லீவுக்கு வந்துவிடு கண்ணு.

எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
(கைநாட்டு இல்லை, கையெழுத்துதான். ஏணிக்காரர் முழங்கையை இடித்துவிட்டார்.)